தைராய்டுக்கு ஏற்ற சாப்பாடு: எங்கிருந்து தொடங்குவது?

தைராய்டு பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் முக்கால்வாசிப் பேர் கேட்பது, "இனிமேல் எதையெல்லாம் சாப்பிடக் கூடாது?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். முட்டைக்கோஸ் வேண்டாம், காலிஃபிளவர் வேண்டாம், சோயா வேண்டாம், கோதுமை வேண்டாம், பால் வேண்டாம். அத்தனையையும் நம்பி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தேன். சில மாதத்தில் சோர்வு குறையவில்லை, முடி கொட்டுவதும் நிற்கவில்லை, கூடவே ரத்தசோகையும் வந்து சேர்ந்தது. எதை விடுவது என்பதை விட்டுவிட்டு, தட்டில் எதை வைப்பது, எந்த நேரத்தில் வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் உடம்பு தேறியது. இப்போதுதான் தைராய்டு என்ற சொல்லோடு பழகத் தொடங்கியிருப்பவர்களுக்கு, அந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், எந்தக் காயும் பழமும் அதற்கு ஈடாகாது. சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டேன், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரும் தானாக முடிவெடுக்காதீர்கள். உட்கொள்ளும் மாத்திரை முழுதாக உடம்பில் சேர்வதற்கும், சுரப்பிக்குத் தேவையான மூலப்பொருள் கிடைப்பதற்கும், மலச்சிக்கல், சோர்வு, எடை போன்ற கூட்டாளித் தொல்லைகள் அடங்குவதற்கும் சாப்பாடு உதவும். அது சின்ன உதவி இல்லை.

முதல் படி: உங்களுக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தைராய்டு என்பது நோயின் பெயர் இல்லை. கழுத்தின் முன்பக்கத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல இருக்கும் சுரப்பியின் பெயர். அது குறைவாகச் சுரந்தால் ஒரு தொல்லை, அதிகமாகச் சுரந்தால் இன்னொரு தொல்லை. இரண்டுக்கும் சாப்பாட்டு முறை ஒன்றாக இருக்க முடியாது.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பி தைராய்டை வேலை வாங்குகிறது. தைராய்டு சோம்பினால் டிஎஸ்எச் ஏறும். துள்ளினால் டிஎஸ்எச் இறங்கும். அதனால்தான் டிஎஸ்எச் அதிகம் என்று முடிவு வந்தால் தைராய்டு குறைவு என்கிறார்கள். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: எனக்குக் குறைவா, அதிகமா? காரணம் என்ன?

காரணத்தையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்கு முதன்மைக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். 1912-ல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இதை முதலில் விவரித்தார். உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் இதில் நடப்பது. இவர்கள் அயோடின் குறைபாடுதான் என்று எண்ணி அயோடின் மாத்திரைகளை வாங்கி விழுங்கினால் நிலைமை மோசமாகலாம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கானது. அதிகமாகச் சுரப்பவர்களுக்குத் தனியாகக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

இரண்டாம் படி: மாத்திரைக்கு ஒரு நேரம், சாப்பாட்டுக்கு ஒரு நேரம்

நான் சறுக்கிய இடம் இதுதான். மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தேன், ஆனாலும் டிஎஸ்எச் இறங்கவே இல்லை. மூன்றாவது முறை போனபோது டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டாமல், "மாத்திரையை எதோட போடறீங்க?" என்று கேட்டார். காபியோடு, என்றேன். ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை? அதையும் அப்போதேதான், மறக்காமல் இருக்க எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தைராய்டு குறைவுக்குத் தரும் லெவோதைராக்ஸின் மாத்திரை மைக்ரோகிராம் கணக்கில் தரப்படுவது. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 20,000-ல் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அளவில் கொஞ்சம் வீணானாலும் ரத்தத்தில் தெரியும். காபி அதைக் குடலில் சேரவிடாமல் குறைக்கிறது. இரும்பும் கால்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பால், சோயா, அதிக நார்ச்சத்து எல்லாமே கொஞ்சம் தடுக்கும்.

எனவே காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. அதன் பிறகு 30 முதல் 60 நிமிடம் எதுவும் வேண்டாம், காபி டீ உள்பட. இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் அமிலத்துக்கான ஆன்ட்டாசிட்களும் 4 மணி நேரம் தள்ளித்தான். காலையில் இது ஒத்துவராது என்றால், இரவு சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அது வசதியாக இருக்கும்.

நான் மாத்திரை டப்பாவைத் தலையணைக்குப் பக்கத்திலும் இரும்பு மாத்திரையை மதியச் சாப்பாட்டு மேசையிலும் வைத்தேன். அலாரம் அடித்ததும் படுக்கையில் உட்கார்ந்தபடியே மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். பல் தேய்த்து, குளித்து, காய் நறுக்கி முடிக்கும்போது ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் இறங்கியிருந்தது.

மூன்றாம் படி: தட்டை நிரப்புதல்

நேரம் சரியாகிவிட்டது. இனி தட்டு. பாதித் தட்டு காய், கீரை, பழம். கால் தட்டு புரதம்: மீன், முட்டை, கோழி, பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, தயிர் என்று எது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. மீதிக் கால் தட்டு தானியம், அதுவும் தவிடு நீக்காத முழுத்தானியமாக இருந்தால் நல்லது. மேலே கொஞ்சம் நல்ல எண்ணெய், ஒரு கைப்பிடி கொட்டையோ விதையோ.

இது எல்லோருக்கும் பொதுவான தட்டுதானே என்று கேட்கலாம். ஆமாம். தைராய்டுக்கென்று தனியாக ஒரு மாயச் சமையல் இல்லை. ஆனால் இதில் ஒவ்வொரு பங்கும் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தைராய்டு குறைந்தால் குடல் மெதுவாக நகரும், நார்ச்சத்து வேண்டும். கொழுப்பு ரத்தத்தில் ஏறும். ஓட்ஸ், பயறு, பழத்தில் இருக்கும் கரையும் நார் அதற்கு உதவும். சீக்கிரம் களைத்துவிடுவோம், புரதம் இருந்தால் அடுத்த வேளை வரை தாங்கும்.

நேற்று மதியம் என் தட்டைச் சொல்கிறேன். பாதியில் வதக்கிய பீன்ஸும் கேரட்டும், பக்கத்தில் தக்காளியும் வெள்ளரியும் நறுக்கி எலுமிச்சை பிழிந்தது. ஒரு காலில் வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம், ஒரு முட்டை. மறு காலில் தவிட்டோடு இருக்கும் அரிசிச் சோறு. கடைசியில் ஒரு கிண்ணம் தயிர். சமைக்க அரை மணி நேரம். கடலையை மட்டும் முந்தின இரவே ஊறவைத்துவிட்டேன். எலுமிச்சையைச் சும்மா ருசிக்காகப் பிழியவில்லை. ஏனென்று கொஞ்சம் கீழே வரும்.

நார்ச்சத்தை ஒரே நாளில் இரண்டு மடங்காக்காதீர்கள். வயிறு உப்பும், கோபத்தில் பழைய சாப்பாட்டுக்கே போய்விடுவீர்கள். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். நார் கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் இறுகும்.

நான்காம் படி: அயோடினை அளவோடு

தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின்தான் செங்கல். தைராய்டு ஹார்மோன்களில் முக்கியமானவை டி4 (தைராக்ஸின்), டி3 என்ற இரண்டு. டி4 என்பதில் இருக்கும் 4, அதிலுள்ள அயோடின் அணுக்களின் எண்ணிக்கை, டி3-ல் மூன்று. ஆளான ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தாலே ஒரு டீஸ்பூனைத் தாண்டாது. அவ்வளவு குறைந்த பொருள் கிடைக்காமல் போய், கழுத்தில் கழலையோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலைநாட்டு மக்கள் இருந்தார்கள். 1922-ல் சுவிட்சர்லாந்திலும் 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகனிலும் உப்பில் அயோடினைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கழலை குறைந்தது. சாதாரண உப்புப் பொட்டலம் செய்த இந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

கணக்கு எளிது. ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் இருந்தால், 5 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரையும். ஆகவே அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். போடும் உப்பு அயோடின் கலந்ததாக இருந்தால் சரி. மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றிலிருந்தும் கிடைக்கும். இவற்றையெல்லாம் தவிர்ப்பவர்கள் உப்புப் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கடல் உப்பு, கல் உப்பு, இந்துப்பு என்று விற்பவற்றில் தனியாகச் சேர்க்கப்படாவிட்டால் அயோடின் மிகக் குறைவு. கடலிலிருந்து வந்ததுதானே, இருக்காதா என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. பாக்கெட் தின்பண்டங்களில் உப்பு ஏராளம், ஆனால் அது பெரும்பாலும் அயோடின் சேர்க்காத உப்பு.

உப்பை மூடி வைத்த டப்பாவில், ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். சமையல் முடியும் தறுவாயில் போட்டால் அயோடின் வீணாவது குறையும்.

கடற்பாசி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கெல்ப் வகைக் கடற்பாசியில் அயோடின் மிக அதிகம், ஒவ்வொரு கட்டுக்கும் அளவு மாறும். அதைப் பொடியாக்கி, தைராய்டுக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிய அயோடின் சுரப்பியை முடக்கவும் செய்யும், சிலருக்குத் துள்ளவும் வைக்கும். டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: செலினியமும் இரும்பும்

சுரப்பி பெரும்பாலும் டி4 ஆகத்தான் அனுப்பும். உடம்பு அதிலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி, வேலை செய்யும் டி3 ஆக மாற்றிக்கொள்கிறது. கழற்றும் நொதிகளுக்குச் செலினியம் தேவை. உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் செலினியம் அதிகம் இருப்பது தைராய்டில்தான். தேவை ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம். மீன், முட்டை, கோழி, சூரியகாந்தி விதை, முழுத்தானியம், பருப்பு எல்லாவற்றிலும் உண்டு.

பிரேசில் நட்டில் செலினியம் குவிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மை. 6 முதல் 8 கொட்டைகளில் 500 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடும். ஆளானவர்களுக்கு ஒரு நாளின் மேல்வரம்பாக அமெரிக்காவில் வைத்திருப்பதே 400 தான். நாளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகமானால் முடி கொட்டும், நகம் உடையும். முடி கொட்டுகிறதே என்று அள்ளிச் சாப்பிட்டு மேலும் முடி கொட்ட வைத்துக்கொள்வது நியாயமா?

இப்போது எலுமிச்சைக்கு வருவோம். ஹார்மோனை உருவாக்கும் முக்கிய நொதிக்கு இரும்பு வேண்டும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குத் தைராய்டும் தடுமாறும். பருப்பு, கடலை, கீரையில் இருக்கும் இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது. வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாக ஒட்டும். எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா, தக்காளி, குடைமிளகாய் ஏதோ ஒன்று அந்த வேளைத் தட்டில் இருக்கட்டும். டீயும் காபியும் சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஆறாம் படி: முட்டைக்கோஸைத் திரும்பக் கூப்பிடுங்கள்

முட்டைக்கோஸ் பயம் எங்கிருந்து வந்தது? 1928-ல் அமெரிக்காவில் ஆய்வுக்கூட முயல்களுக்குத் தொடர்ந்து முட்டைக்கோஸைக் கொடுத்து வளர்த்தபோது அவற்றின் கழுத்தில் கழலை தோன்றியதைக் கவனித்தார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூக்கல் குடும்பத்தில் இருக்கும் சில பொருள்கள், இலையை நறுக்கும்போதும் மெல்லும்போதும் உடைந்து, அயோடின் தைராய்டுக்குள் போவதையும் ஹார்மோன் உருவாவதையும் தடுக்கும் பொருளாக மாறுகின்றன. இதெல்லாம் உண்மைதான்.

அளவுதான் விஷயம். மருத்துவ இதழில் 2010-ல் வெளியான ஒரு நிகழ்வு உண்டு: 88 வயதுப் பெண் ஒருவர் பல மாதங்கள் தினமும் 1 முதல் 1.5 கிலோ பாக் சோய் என்ற கோஸ் வகையைப் பச்சையாகவே சாப்பிட்டு, தைராய்டு குறைந்து நினைவிழக்கும் அளவுக்குப் போனார். ஒன்றரைக் கிலோ, பச்சையாக, தினமும். நாம் சாப்பிடுவது ஒரு கிண்ணம் பொரியல், அதுவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள். அந்தப் பொருளை உடைக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். வேகவைத்தோ வதக்கியோ சாப்பிட்டால், அயோடினும் போதிய அளவு கிடைத்தால், பயப்பட ஒன்றுமில்லை. பச்சையாக அரைத்து ஜூஸாக தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மரவள்ளிக்கிழங்குக்கும் கம்புக்கும் இதே நியாயம். மூன்று வேளையும் அதுவே சாப்பாடு, அயோடினும் இல்லை என்ற நிலையில்தான் தொல்லை. சோயாவும் நேரத்தைப் பொறுத்தது: மாத்திரை போட்டவுடன் சோயா பால் வேண்டாம், மதியமோ இரவோ டோஃபு சாப்பிடலாம்.

கோதுமையை விடுவது பற்றி ஒரு வார்த்தை. ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் சீலியாக் என்ற குடல் நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. அந்த நோய் இருந்தால் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் அடியோடு நிறுத்த வேண்டும். இருக்கிறதா என்று பார்க்காமல் நிறுத்தினால் பின்னால் செய்யும் பரிசோதனை தவறாகக் காட்டும். அதனால் பரிசோதனை முதலில், நிறுத்துவது அப்புறம்.

ஏழாம் படி: வாரத்துக்கு ஒருமுறை தயார்ப்படுத்துங்கள்

சோர்வான நாளில் நல்ல சாப்பாடு சமைக்கத் தோன்றாது. தைராய்டு குறைந்தவர்களுக்கு அப்படிப்பட்ட நாள்கள் அதிகம். தெம்பிருக்கும் ஒரு நாளில் இரண்டு வகைப் பயறை வேகவைத்துப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாளைக்கு மேல் போகும் பங்கை உறைய வைக்கலாம். காய்களைக் கழுவி நறுக்கி மூடி வையுங்கள். அலசிக் காயவைத்த கீரையை ஒரு துணியில் சுற்றி வைத்தால் வாடாது. இவை இருந்தால், நிற்கவே முடியாத நாளிலும் முட்டையை வேகப் போட்டுவிட்டு பத்து நிமிடத்தில் தட்டை நிரப்பலாம்.

எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்காதீர்கள். சாப்பாட்டை வெட்டிக் குறைத்தால் உடம்பு டி4-ஐ டி3-ஆக மாற்றுவதையே குறைத்துக்கொள்ளும். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். மருந்து சரியான அளவுக்கு வந்ததும் அது இறங்கும். மீதி எடை எல்லோரையும் போல மெதுவாகத்தான் குறையும். உங்கள் மேல் கோபப்படாதீர்கள்.

அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்

தைராய்டு அதிகம் உள்ளவர்களுக்கு உடம்பு எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடும். எடை குறையும், எலும்பு மெலியும். அடிக்கடி, நிறைவாகச் சாப்பிடுங்கள். கால்சியமும் புரதமும் கூடட்டும். நெஞ்சு படபடப்பு இருக்கும்போது காபியைக் குறைத்துக்கொள்வது நல்லது. அயோடின் சத்து மாத்திரை பக்கமே போக வேண்டாம். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களை 1 முதல் 2 வாரம் அயோடின் மிகக் குறைந்த சாப்பாட்டில் இருக்கச் சொல்வார்கள். அப்போது மேலே நான் சொன்ன உப்பு, மீன், பால், முட்டைக் கதையெல்லாம் பொருந்தாது. சிகிச்சை தருபவர்கள் கொடுக்கும் பட்டியல் மட்டும்தான்.

கர்ப்பம் உறுதியானால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டை நம்பியே தொடங்குகிறது.

மறுபரிசோதனை

மாற்றம் செய்த மறுவாரமே ரத்தம் கொடுக்க ஓடாதீர்கள். தைராக்ஸின் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். புதிய நிலைக்கு வந்து நிற்க 6 முதல் 8 வாரம் வேண்டும். அதுவரை ஒரு சின்ன நோட்டில் மாத்திரை போட்ட நேரம், முதலில் சாப்பிட்ட நேரம், வேறு என்ன மாத்திரை என்று மூன்றே வரி எழுதுங்கள். டாக்டர் அளவை மாற்ற நினைக்கும்போது அந்த நோட்டு உங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

முடிக்கும் நகத்துக்கும் பயோடின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அது பரிசோதனைக் கருவிகளைக் குழப்பி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டக் கூடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்துங்கள். ரத்தம் எடுப்பவரிடமும் டாக்டரிடமும் அதைச் சாப்பிட்டு வந்ததைச் சொல்லிவிடுங்கள்.